அம்மாவைச் சேர்க்க ஒரு வகுப்பு

22 ஏப்ரல் 2025, செவ்வாய்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து ஒரு வாரம் ஆகிறது. செய்ய ஒன்றுமே இல்லை என்பது முதல் இரண்டு நாள் சொர்க்கமாக இருந்தது. இப்போது நூலகப் புத்தகத்தை முடித்துவிட்டு, பின்னட்டையில் இருக்கும் அச்சகத்தின் முகவரி வரைக்கும் படித்துவிட்டேன்.

மாலையில் சித்ரா அக்கா வந்தாள். பக்கத்துத் தெரு. அம்மாவுக்கு அண்ணன் முறையாகும் ஒருவரின் மகள். அம்பத்தூரில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டபடியே கடைக்கும் போவாள். அம்மா மாடியிலிருந்து காய்ந்த துணிகளை எடுத்து வந்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“அத்தே, நீ ஸுவாலஜி தானே படிச்ச? எங்க ஆபீஸ்ல மெடிக்கல் கோடிங்குக்கு அதைத்தான் கேக்கறாங்க. ஒரு கிளாஸ் போய் கத்துக்கினு வாயேன்.”

அம்மா சிரித்தாள். எனக்கு முப்பத்தொன்பது வயசுடி என்றாள்.

“உனக்கு முப்பத்தொன்பது ஆச்சுன்னு மனுஷனுக்கு எலும்பு இன்னா கொறைஞ்சா பூடுச்சு?”

சித்ரா அக்கா போன பிறகு, அம்மா ஒரே துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். நான் பார்க்காதது போல இருந்தேன்.

24 ஏப்ரல், வியாழன்

“சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்” என்று சொல்லி அம்மா என்னைக் கைப்பேசியில் தேடச் சொல்கிறாள். ‘சும்மா’ என்று சொன்னாலே அது சும்மா இல்லை.

நான் புரிந்துகொண்டது இவ்வளவு. அமெரிக்காவில் ஒருவர் மருத்துவரிடம் போகிறார். என்ன நோய், என்ன சிகிச்சை செய்தேன் என்று மருத்துவர் எழுதி வைக்கிறார். அதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைக் கண்டுபிடித்துப் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி மருத்துவமனைக்குப் பணம் தரும். எண் போடுகிறவர்தான் மெடிக்கல் கோடர். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறார்களே, அந்தக் கோடிங் வேறு. இது கிட்டத்தட்ட மொழிபெயர்ப்பு. எனக்கே ஆசையாக இருக்கிறது!

எங்கே கற்றுக்கொள்வது என்பதில்தான் சிக்கல். தேடினால் வருகிற ஒவ்வொரு பயிற்சி நிலையமும் சென்னையிலேயே முதலிடம். இத்தனை முதலிடம் எப்படி இருக்க முடியும்? எங்கள் வகுப்பில் இரண்டு பேர் முதல் ரேங்க் எடுத்ததற்கே எவ்வளவு சண்டை.

ஒன்றை எழுதி வைக்க வேண்டும். போன வருடம் அம்மா மாண்டிசோரி டீச்சர் பயிற்சி என்று பூந்தமல்லியில் ஒரு இடத்தில் சேர்ந்தாள். ஒரு மாதம் போனாள். ஒருநாள் காலை போய்ப் பார்த்தால் ஷட்டர் மூடி, ‘வாடகைக்கு’ என்று பலகை தொங்குகிறது. வீட்டுக்கு வந்து நேராக இட்லிக்கு அரிசி ஊறப் போட்டாள். மறுவாரமே எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், பாட்டில் மூடி செய்யும் யூனிட்டில் தன் பழைய செக்கிங் வேலைக்கே திரும்பிவிட்டாள். நாள் முழுக்க நின்றுகொண்டே மூடி பார்க்கிற வேலை.

இன்று அதை நான் நினைத்துக்கொண்டிருந்ததை எப்படியோ தெரிந்துகொண்டு சொன்னாள்: “இந்தத் தடவையும் தப்பான எடத்துல போய் சேர்ந்தேன்னு வையி, அப்புறம் படிப்புன்னு வாயையே தொறக்க மாட்டேன் யுவா.”

அதனால் நான் சரியாகத் தேட வேண்டும்.

25 ஏப்ரல், வெள்ளி

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. முடிந்தவரை ஒழுங்காக எழுதுகிறேன்.

அப்பாவுக்குத் திருமழிசை எஸ்டேட்டில் பவுடர் கோட்டிங் யூனிட்டில் வேலை. இரும்புச் சாமான்களுக்கு வர்ணப் பொடி அடித்து அடுப்பில் வேகவைப்பார்கள். அன்றைக்கு என்ன நிறம் ஓடியது என்று அப்பாவின் காதுமடலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்று பச்சை.

வந்ததும் வராததுமாக அம்மாவிடம், “எதுக்கு மே கிளாஸ் கீஸ்லாம்? நானே சூப்பர்வைசராண்ட பேசிக்கினு வந்துட்டேன். திங்கக்கெழமை வரச் சொல்லிட்டாரு” என்றார்.

எதற்கு என்று அம்மா கேட்டாள்.

“மெடிக்கல் கோட்டிங்குக்குத்தான். ஆஸ்பத்திரி கட்டிலு, குளுக்கோஸ் மாட்ற ஸ்டாண்டு, அல்லாம் எங்க யூனிட்லதானே ஓடுது. வெள்ளை கலரு. உனக்கு சாமானை கொக்கியில தொங்க வுடற செக்ஷன் குடுக்கறேன்னாரு.”

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவ்வளவுதான், சிரிப்பு வெடித்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாவம் அப்பா, இரண்டு நாளாக நாங்கள் பேசுவதைக் கேட்டு, தானே ஒரு முடிவுக்கு வந்து, தனக்குப் பிடிக்காத சூப்பர்வைசரிடம் போய் மனைவிக்காகக் கேட்டிருக்கிறார். விளக்கிச் சொன்ன பிறகு, காதிலிருந்த பச்சையைத் துடைத்துக்கொண்டார். “அப்ப கட்டிலு கெடையாதா?” என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் கன்னியம்மா அக்கா இதெல்லாம் கேட்டு, தன் வீட்டிலிருந்தே சிரித்தாள். “அண்ணாத்தே, எங்க ஊட்டு கேட்டுக்கும் ஒரு கோட்டிங் போட்டுக் குடு” என்று குரல் வந்தது.

28 ஏப்ரல், திங்கள்

அம்மா அரை நாள் லீவு போட்டாள். ஆவடி போனோம். பெண்களுக்கான இலவசப் பஸ்ஸுக்குத்தான் காத்திருப்போம் என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால் வெயிலில் நன்றாகக் காய்ந்தோம். காத்திருக்கும்போது, குத்தம்பாக்கத்தில் கட்டுகிறார்களே, அந்தப் புது பஸ் நிலையம் திறந்தால் நமக்கெல்லாம் எப்படி இருக்கும் என்று ஒரு பெரியவர் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பயிற்சி நிலையம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே போனதும் குளிர்ந்தது. ஆலோசகர் தினேஷ் என்று ஒரு அண்ணன், டை கட்டியிருந்தார். தண்ணீர் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து, “சொல்லுங்க பாப்பா, எந்த காலேஜ் முடிச்சீங்க?” என்றார்.

நான் இன்னும் பதினொன்றாம் வகுப்பே போகவில்லை, அம்மாவைச் சேர்க்க வந்திருக்கிறேன் என்றேன். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். சின்ன வயதில் என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது நான் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேனாம்.

தினேஷ் அண்ணன் நன்றாகப் பேசினார், அதை மறுக்க முடியாது. வயது ஒரு பொருட்டே இல்லை என்றார். அம்மா மாதிரி ஆட்கள்தான் ஜொலிப்பார்களாம். பயிற்சி முடிந்ததும் வேலை கிடைக்கும், சம்பளம் ஏறும், வீட்டிலிருந்தே பார்க்கும் வசதி வரும். என்ன பாடம், எந்தப் புத்தகம் என்று நான் கேட்டதற்கு, எல்லாம் வகுப்பிலேயே தருவோம் என்று பளபளப்பான ஒரு சிற்றேட்டைக் கையில் கொடுத்தார். இந்த வாரமே சேர்ந்தால் நல்லது, இடம் நிறைந்துவிடும் என்று இரண்டு தடவை சொன்னார்.

திரும்பும்போது அம்மா ஜன்னலோரம். முகம் முழுக்கச் சிரிப்பு. பருத்திப்பட்டு தாண்டும் வரை பேசிக்கொண்டே வந்தாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஏதோ ஒன்று தொண்டையில் மீன்முள் மாதிரி. என்னவென்று தெரியவில்லை. கண்ணாடிக் கட்டடம் என்றால் எனக்குப் பொறாமையோ?

29 ஏப்ரல், செவ்வாய்

அம்மா வேலை முடிந்து வந்து, சிற்றேட்டை மறுபடி முதலிலிருந்து படித்தாள். அதில் எழுத்தை விடப் படம்தான் அதிகம்.

3 மே, சனி

சித்ரா அக்கா சொன்ன இடத்தையும் பார்த்துவிடலாம் என்று நான் நச்சரித்து அம்பத்தூர் கூட்டிப் போனேன். பூந்தமல்லியில் பஸ் மாறினோம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடி. ஏசி இல்லை, இரண்டு காற்றாடி, அதில் ஒன்று சத்தம் மட்டும் போட்டது. நடத்துகிறவர் சுலோசனா மேடம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “பாடம் நடக்குது, உக்காந்து கேளுங்க. பிடிச்சா அப்புறம் பேசுவோம்” என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கூடக் கேட்கவில்லை.

பெரிய பெரிய புத்தகங்கள் மேசையில் இருந்தன, செங்கல் கனம். தேர்விலும் இதைப் பார்த்தே எழுதலாமாம்! மனப்பாடம் செய்யத் தேவையில்லை, தேடத் தெரிய வேண்டும். எனக்கு அங்கேயே குடியிருக்கலாம் போல் இருந்தது.

மேடம் பலகையில் ஒரு நோயாளிச் சீட்டை எழுதிப் போட்டார். ஆங்கிலம்தான். பொருள் இது: நெஞ்சு வலி என்று வந்தார், மாரடைப்பாக இருக்கலாம், பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். இதில் எந்த நோய்க்கு எண் போடுவீர்கள் என்று எல்லோரையும் கேட்டார். புதிதாக வந்த அம்மாவையும் விடவில்லை.

அம்மா எழுந்து நின்று, “மாரடைப்பு மேடம்” என்றாள்.

“டாக்டர் மாரடைப்புன்னு சொன்னாரா?”

“இருக்கும்னு சொல்லியிருக்காரு மேடம்.”

“இருக்கும்னா, இருக்கா?”

வகுப்பே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, அவர்களும் ஒருநாள் இதே தப்பைச் செய்தவர்கள்தான் என்று மேடமே சொன்னார். வெளிநோயாளியாக வந்தவரின் சீட்டில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று இருந்தால் அதற்கு எண் கிடையாது. எது உறுதியோ அதற்கு மட்டும்தான். இங்கே உறுதியானது நெஞ்சு வலி. ‘இருக்கும்’ என்பதை ‘இருக்கு’ ஆக்கிவிட்டால், மாரடைப்பே வராத ஒருவருக்கு அமெரிக்காவில் மாரடைப்பு வந்துவிட்டதாகப் பதிவாகிவிடும். நான் மூச்சு விடாமல் கேட்டேன். ஒரு ‘ம்’ எவ்வளவு வேலை செய்கிறது!

ஆனால் அம்மாவின் காது சிவந்துபோனது. கூட்டத்தில் நிற்க வைத்துத் தப்புச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. பாடம் முடிந்ததும் மேடத்திடம் பேசாமலே கீழே இறங்கிவிட்டாள்.

4 மே, ஞாயிறு

அம்மா ஆவடியிலேயே சேரப் போகிறாளாம். நாளை மறுநாள் போய்ச் சொல்லிவிட்டு வருகிறாளாம்.

ஏம்மா ஏம்மா என்று கேட்டேன். “அங்க யாரும் என்னை நிக்க வெச்சு சிரிக்கல” என்றாள். அவர்கள் உன்னை எதுவுமே கேட்கவில்லையே, பிறகு எப்படிச் சிரிப்பார்கள் — இது வாய் வரைக்கும் வந்தது. சொல்லலை. சொல்லியிருக்கணுமோ? கட்டணத்தைக் காரணம் காட்டலாம் என்றால் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றேதான்.

அப்பாவிடம் போனேன். அப்பா செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். “அவ படிக்கிறா, அவளுக்குத் தெரியாதா? நீ இன்னாத்துக்கு பேஜாராவுற” என்றார். அவர் சொல்வதும் சரிதான். ஆனா அந்த ஷட்டர் மூடின நாள் அம்மா முகம் எனக்குத்தானே ஞாபகம் வருது? ஏன் எல்லாரும் மறந்துட்டாங்க?

5 மே, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்! நிதானமாக எழுதுகிறேன்.

நூலகத்துக்குப் போகலாம் என்று நெடுஞ்சாலை நிறுத்தத்தில் நின்றேன். டீக்கடை அண்ணனிடம் பூந்தமல்லி பஸ் போய்விட்டதா என்று கேட்டேன். “வரும், வரும்” என்றார். நான் கேட்டது போய்விட்டதா என்று. அவர் சொன்னது வரும் என்று. அவர் பொய் சொல்லவில்லை. எந்தப் பஸ்ஸும் என்றாவது ஒருநாள் வரத்தான் செய்யும்.

அப்போதுதான் மீன்முள் என்னவென்று புரிந்தது. தினேஷ் அண்ணன் பேசியது எல்லாமே எதிர்காலம்! கிடைக்கும், ஏறும், வரும், தருவோம். ஒன்றே ஒன்று கூட ‘கிடைத்தது’ இல்லை. பள்ளியில் தமிழம்மா வினைமுற்று நடத்தும்போது காலம் காட்டும் இடைநிலையைப் பிரித்துக் காட்டச் சொல்வார். அப்படி அவர் பேச்சை முழுக்கப் பிரித்துப் பார்த்தேன். இறந்தகாலம் ஒன்று கூடத் தேறவில்லை.

நூலகத்துக்குப் போகாமல் வீட்டுக்கே ஓடி வந்துவிட்டேன். அம்மா ஷிப்ட் முடிந்து வரும்வரை காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. வந்ததும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். இலக்கணத்தையும் சேர்த்துச் சொன்னேன், கொஞ்சம் அதிகமாகவே. சரி டீச்சர் என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனால் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

“மேடம் சொன்னதும் இதேதான் இல்ல? இருக்கும்னா, இருக்கா?” என்றாள்.

நான் தலையாட்டினேன். நான் நீட்டி முழக்கியதை இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

6 மே, செவ்வாய்

அம்மாவே இரண்டு இடத்துக்கும் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆவடியில் தினேஷ் அண்ணன்தான் எடுத்தார். போன பேட்ச்சில் யாருக்கு வேலை கிடைத்தது, ஒருவரோடு நான் பேசலாமா என்று அம்மா கேட்டாள். கண்டிப்பாகக் கிடைக்கும்மா என்றார். கிடைக்கும் சார், கிடைச்சவங்க யாரு என்று அம்மா மறுபடி கேட்டாள். ஏற்பாடு பண்ணிடுவோம்மா, நீங்க முதல்ல சேருங்க என்றார். பாவம், அந்த அண்ணனை வேலைக்குச் சேர்த்த நாளன்று அவரிடமும் யாரோ இப்படித்தான் பேசியிருப்பார்கள்.

அம்பத்தூரில் சுலோசனா மேடம். அதே கேள்வி. அவர் பதில் எனக்கு அப்படியே மனசில் நிற்கிறது.

“போன பேட்ச்ல பாதிப் பேருக்கு மேல சேர்ந்துட்டாங்க. மத்தவங்க இன்னும் தேடுறாங்க, நானும் தேடித் தரேன். உங்க வயசுல ஒருத்தங்க படிச்சாங்க, நெமிலிச்சேரி. நாலு எடத்துல வேணாம்னுட்டாங்க. அஞ்சாவது எடத்துல எடுத்தாங்க. நம்பர் தரேன், பேசுங்க. அன்னிக்கு நீங்க சொல்லாம கெளம்பிட்டீங்களே, கோவமா?”

அம்மா கோபம் இல்லை மேடம் என்றாள். பிறகு, “வெக்கம்” என்றாள்.

“அந்தத் தப்பைப் பண்ணாதவங்களை நான் இதுவரைக்கும் பார்க்கல. நீங்க எழுந்து நின்னு சத்தமாப் பண்ணீங்க, அதான் வித்தியாசம்.”

நெமிலிச்சேரி அக்காவோடு அம்மா அரை மணி நேரத்துக்கு மேல் பேசினாள். பேச்சு கோடிங்கில் ஆரம்பித்து, ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மெண்ட்டில் இடம் பிடிப்பதில் போய் நின்றது. வைத்ததும், ஜூன் மாத மாலை வகுப்பில் சேர்கிறேன் என்றாள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

16 மே, வெள்ளி

பத்தாம் வகுப்பு ரிசல்ட். தமிழில் ஒரே ஒரு மதிப்பெண் போய்விட்டது. எங்கே போயிருக்கும் என்று யோசிக்கிறேன். அப்பா தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தார். இன்று அப்பாவின் காது மஞ்சள், ஜாங்கிரிக்குப் பொருத்தம்.

2 ஜூன், திங்கள்

இருவருக்கும் முதல் நாள். எனக்குப் பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. அம்மாவுக்கு மாலை வகுப்பு. ஷிப்ட் முடிந்து நேராக பஸ். வந்ததும் யார் பேச்சை யார் கேட்பது என்று சண்டை. கடைசியில் காசைச் சுண்டி விட்டுப் பார்த்தோம், அம்மா ஜெயித்தாள்.

22 ஜூன், ஞாயிறு

கன்னியம்மா அக்காவைக் கோயில் தெருவில் மாடு முட்டிவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை, இடுப்பில் கன்றிப்போயிருக்கிறது. மருந்து போட வந்தவளை உட்கார வைத்து, அம்மா புத்தகத்தைப் புரட்டினாள். மாடு முட்டியதற்குத் தனி எண் இருக்கிறது! டபிள்யூ ஐம்பத்தைந்து புள்ளி இருபத்திரண்டு. மாடு கடித்தால் வேறு எண். முதல் தடவை காட்ட வந்தாரா, மறுபடி வந்தாரா என்பதற்குக் கூட ஒரு எழுத்து சேர்க்க வேண்டுமாம்.

கன்னியம்மா அக்காவுக்கு வலியே மறந்துவிட்டது. “அங்கயும் மாடு முட்டுதா? அமெரிக்காகாரனையா?” என்று மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு தெரு முழுக்கப் போய் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மாவிடம் ஆளாளுக்கு வந்து தங்கள் எண்ணைக் கேட்கிறார்கள். ‘வாயு புடிச்சிக்கிச்சு’ என்பதற்கு எந்த எண் என்று ஒருத்தர் கேட்டார். எந்த இடத்தில் என்று டாக்டர் எழுதித் தந்தால் சொல்கிறேன் என்றாள் அம்மா, மேடத்தின் குரலில்.

6 ஆகஸ்ட், புதன்

அம்மாவுக்கு மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது. அறுவை சிகிச்சை எண்கள் குழப்புகின்றன என்றாள். நாள் முழுக்க நின்று, பிறகு பஸ்ஸில் நின்று, பிறகு உட்கார்ந்தால் தூக்கம்தான் வருது. வேண்டாம் விட்டுடறேன்னு சொல்லிட்டாளே. அப்படி ஈஸியா சொல்லிட்டா. நான் பேசினா அழுதுடுவேன்.

அப்பாதான் பேசினார். பேசவில்லை, செய்தார். அடுப்படிக்குள் போய், “நாளைலேர்ந்து ராத்திரி சமையலு என்துது. யாரும் கொற சொல்லக் கூடாது” என்றார்.

7 ஆகஸ்ட், வியாழன்

குறை சொல்லக் கூடாது என்பதால் ரசத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

15 ஆகஸ்ட், வெள்ளி

விடுமுறை. அம்மாவும் நானும் நாள் முழுக்கப் படித்தோம். நான் இதயத்தின் அறைகள், அம்மா இதயத்தின் அறுவை சிகிச்சைகள். ஒரே படத்தை வைத்துக்கொண்டே இருவருக்கும் வேலை நடந்தது. ‘ஏட்ரியம்’ எனக்கு வாயில் நுழையவில்லை, அம்மா சொல்லிக் கொடுத்தாள். இருபது வருஷத்துக்கு முன்னால் படித்தது எங்கே ஒளிந்திருந்ததோ! அப்பா நடுவில் வந்து எட்டிப் பார்த்து, “இதுல எது எது அடைச்சுக்கும்?” என்று கேட்டுத் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டு போனார்.

21 செப்டம்பர், ஞாயிறு

பயிற்சி முடிந்தது. கடைசி மாதிரித் தேர்வில் அம்மா வகுப்பிலேயே இரண்டாவது. முதல் வந்தது போன வருடம் கல்லூரி முடித்த ஒரு பெண். அம்மாவை ‘கலக்கிட்டீங்கக்கா’ என்றாளாம். மேடம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, விடைத்தாளை இன்னொரு தடவை பார்த்தாராம். அம்மா அதை நடித்துக் காட்டினாள்.

9 அக்டோபர், வியாழன்

முதல் நேர்முகத் தேர்வு. அம்பத்தூரில். இவ்வளவு வருஷம் ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். போனேனே என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அங்கே எடுக்கவில்லை.

அம்மா அழவில்லை. “ஒண்ணு ஆச்சு” என்றாள். நெமிலிச்சேரி அக்காவுக்கு போன் போட்டு, நீங்கள் நாலு, நான் இப்போதுதான் ஒன்று என்று சொன்னாள். இருவரும் சிரித்தது சுவருக்கு அந்தப் பக்கம் கூடக் கேட்டிருக்கும்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. மழை. ஊசிப்பட்டாசு நமுத்துப்போய்விட்டது. இரண்டாவது இடத்திலும் இல்லை என்று போன வாரமே தெரிந்துவிட்டது; அம்மா பண்டிகை முடியட்டும் என்று இன்றுதான் சொன்னாள். அப்பா தன் பங்கு அதிரசத்தை அவள் தட்டில் வைத்தார். அதிரசம் கன்னியம்மா அக்கா சுட்டது, அதனால் இது உண்மையான தியாகம்.

30 அக்டோபர், வியாழன்

மூன்றாவது இடம். முதலில் எழுத்துத் தேர்வு, பிறகு இரண்டு பேர் உட்கார்ந்து கேள்வி. அதே கேள்விதான்: இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்? இந்தத் தடவை அம்மா நிதானமாகச் சொன்னாளாம். “பாட்டில் மூடி பார்த்தேன் சார். பெல்ட்ல ஓடிக்கிட்டே இருக்கும். ஓட்டை இருக்கறதை மட்டும் எடுக்கணும். இருக்குமோன்னு சந்தேகத்துல நல்லதை எடுத்தாலும் திட்டு, ஓட்டையை விட்டாலும் திட்டு.” அந்த இருவரில் ஒருவர் மெதுவாகச் சிரித்து, ஏதோ எழுதிக்கொண்டாராம்.

என்ன எழுதினார் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். தெரியாதுடி என்கிறாள் அம்மா. இன்றைக்குத் தூக்கம் வராது போல.

16 நவம்பர், ஞாயிறு

காலையில் கண் விழித்தபோது வீடே கிசுகிசுவென்று இருந்தது. அப்பா மிக்ஸியைப் போடாமல் தேங்காய்ச் சட்னிக்கு அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குச் சைகையிலேயே பல் துலக்கச் சொன்னார். குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். வாசலில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்ததற்கு அவர் பார்த்த பார்வையை டிரைவர் பார்த்திருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார். நான் பூனை மாதிரி நடந்து போய் என் உயிரியல் புத்தகத்தை எடுத்தேன்.

கதவருகே இருந்த ஆணியில் நீல நாடா. அதில் தாட்சாயிணி என்று அச்சடித்த அட்டை. படத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருக்கிறது, ஆனால் இன்னும் வந்துவிடவில்லை. அந்த மூன்றாவது இடத்திலேயே அம்மாவை எடுத்துக்கொண்டார்கள். இது முதல் வாரம், கம்பெனி வேன் ஆறு நாளும் விடியற்காலையில் வந்து அழைத்துப் போனது. நேற்று ராத்திரி வந்து படுத்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

கன்னியம்மா அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். வழக்கம்போல வாசலிலிருந்தே, “தாட்சா, ஏ தாட்சா” என்று கூப்பிட ஆரம்பித்தாள். அப்பா அம்மிக் குழவியோடு ஓடினார்.

“மெதுவா பேசு தாயீ. உள்ள அவங்க தூங்கிக்கினு கீறாங்க.”

அப்பா சொன்ன ‘அவங்க’ யாரோ பெரிய விருந்தாளி என்று நினைத்துக்கொண்டு, கன்னியம்மா அக்கா கறிவேப்பிலை கூட வாங்காமல், தலைமுடியைச் சரிசெய்தபடி நுனிக்காலில் திரும்பிப் போனாள்.